ஒற்றைக்காது தில்லைநாதனின் மூன்று பதிப்புகள்

உ
சிவமயம்

கீழ வீதி, சிதம்பரம்
3-6-2023

அன்புத் தங்கை பவானிக்கு அண்ணன் தில்லைநாதன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இங்கே நான், மகன் ராஜ்கமல், மருமகள், பேத்தி கயல்விழி நால்வரும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்க நடராசப் பெருமானை வேண்டுகிறேன். உன் வீட்டுக்காரர் தேவசகாயம் தவறிய செய்தியைப் பேப்பரில்தான் பார்த்தேன். வரத்தான் நினைத்தேன். முட்டிவலி.

நிற்க. நம் உரக்கடைக்கு வந்த ஒருத்தர் செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். அந்தக்காலச் சிறுவர் சாகச நாவல்களை மறுபதிப்புப் போடுகிற சென்னைப் பதிப்பகமாம். அடுத்து உன் வீட்டுக்காரர் எழுதிய 'சுரபுன்னைத் தீவு' வரப்போகிறதாம். அதற்குக் கீழே எவனோ 'ஒற்றைக்காது தில்லைநாதன் மறுபடி வர்றான்டோய்!' என்று எழுதியிருக்கிறான். ஊரே அதற்குச் சிரித்து வைத்திருக்கிறது.

அந்தக் கதை பத்திரிகையில் வாராவாரம் வந்தபோது நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பிச்சாவரம் கழியில் கள்ளத்தோணி ஓட்டுகிற வில்லனுக்கு என் பேர். நாய் கடித்துப் பாதி போன என் இடது காது. நான் வாய்க்கு வாய் சொல்கிற 'ஆவட்டும், பாக்கலாம்' கூட அவன் வாயில். பள்ளிக்கூடப் பசங்கள் கடை வாசலில் நின்று அதைக் கத்திவிட்டு ஓடுவார்கள். கூட்டுறவுத் தேர்தலில் நின்றேன். என் படம் போட்ட நோட்டீஸில் எல்லாம் ஒரு காதைக் கிழித்து வைத்தார்கள். தோற்றேன்.

இப்போது கயல்விழி ஏழாவது படிக்கிறாள். புத்தகப் பைத்தியம். அவள் கண்ணில் இது படக்கூடாது. பதிப்பகத்துப் பெண் இளமதியிடம் பேசினேன். 'ஆசிரியரோட மனைவி சரின்னா மாத்திடறோம் சார்' என்றாள். கதையை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பேரையும் காதையும் மட்டும் எடுக்கச் சொல். பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்
தில்லைநாதன்


மஞ்சக்குப்பம், கடலூர்
14-6-2023

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

பவானி எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது, பல் இல்லை. தெற்கே இருந்து காற்றடித்தால் சிப்காட் தொழிற்சாலை நாற்றம் தாங்கவில்லை, ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். நீங்கள் நலமா என்று கேட்க மனசு வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடமிருந்து எனக்குக் கடைசியாக வந்தது ஒரு தபால் கார்டு. 1986-ல். அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாள் போட்டிருந்தீர்கள். 'அம்மா சிவபதம் அடைந்தார். காரியங்கள் யாவும் குறைவின்றி நடந்தேறின.' அவ்வளவுதான். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு தூக்கத்துக்குள் வந்துவிடலாம். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரைக் கட்டிக்கொண்டேன் என்பதற்காகப் பெற்றவள் முகத்தில் கடைசியாக ஒரு தடவை முழிக்கவும் கூடாதா?

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தலைதலையாய் அடித்துக்கொண்டேன். அவர் அதட்டிப் பேசத் தெரியாத வாத்தியார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'உங்க அண்ணனுக்கு ஒரு காது பாதின்னியே, எந்தக் காது?' என்று கேட்டார். இடது என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தை மாசம் கதை ஆரம்பித்தது. அவருக்கு அடிக்கத் தெரிந்த அடி அதுதான்.

அம்மா மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள் என்று ஊரார் சொல்லிப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தது நீங்களும் அண்ணியும். அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அது தெரிந்த ஆள் நீங்கள் ஒருத்தர்தான். ஆகவே கேட்கிறேன். அம்மா என்னைக் கேட்டாளா? ஒரு வரி எழுதிப் போடுங்கள். அன்றைக்கே இளமதியிடம் சொல்லிப் பேரை எடுத்துவிடுகிறேன்.

போனில் கூப்பிடவேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் நான் வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் வருகிறது.

பவானி தேவசகாயம்


உ
சிவமயம்

சிதம்பரம்
2-7-2023

அன்புத் தங்கை பவானிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்குப் பிரஷர் ஜாஸ்தி. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். ராஜ்கமல் கடையைப் பார்த்துக்கொள்வதால் எனக்குப் பாதி நாள் ஓய்வுதான். உன் சர்க்கரைக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடி.

பெரியவர்கள் போன பிறகு போனதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? அம்மாவின் செம்புத் தவலை ஒன்று இங்கே பரணில் கிடக்கிறது. வேண்டுமானால் ராஜ்கமலிடம் கொடுத்தனுப்புகிறேன். பேரை மட்டும் எடுத்துவிடு.

ராஜ்கமல் வக்கீலைப் பார்க்கலாம் என்கிறான். மானநஷ்டம் போட வழியிருக்கிறதாம். நான்தான் கூடப்பிறந்தவள் என்று பொறுத்துக்கொண்டு இருக்கிறேன்.

அண்ணன்
தில்லைநாதன்


கடலூர்
11-7-2023

தில்லைநாதனுக்கு,

கேஸ் போடுவேன் என்று எழுதிய பிறகு 'நீங்கள்' எதற்கு? இனி நீதான்.

தாராளமாகப் போடு. ஜட்ஜ் முன்னால் நின்று முடியை ஒதுக்கிக் காதைக் காட்டி, 'ஐயா, கள்ளத்தோணி ஓட்டுனது நான்தான்' என்று நீயே சொல்லவேண்டும். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள். அந்தக் கதை முழுசாக வேறு எங்கேயும் இல்லை. பத்திரிகை எப்போதோ நின்றுபோயிற்று. நான் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த பைண்டு ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இளமதி அச்சுக் கோக்கிறாள். நான் வைத்தால் நீ அதில் இருப்பாய். எடுத்தால் இருக்கமாட்டாய்.

அட்டைப்படம் போடுகிற பிள்ளைக்குக் காது சரியாக வரவில்லை. வீடியோவில் கூப்பிட்டு நானே சொல்லிக் கொடுத்தேன். 'மேல்பாதி இருக்கணும் தம்பி, கீழ்ப்பாதி கடிச்சுத் துப்புன மாதிரி இருக்கணும்' என்றேன். அச்சு அசலாக வந்திருக்கிறது.

தவலை எனக்கு வேண்டாம். கேட்டதற்குப் பதில்தான் வேண்டும். வெந்தயம் குடிக்கிறேன்.

பவானி


கடலூர்
18-9-2023

தில்லைநாதனுக்கு,

உன்னிடமிருந்து பதிலே காணோம். பிரஷர் ஏறிப் படுத்துவிட்டாயோ என்று விசாரித்தேன். கடையில் உட்கார்ந்து யூரியா விற்கிறாயாம். சந்தோஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு மண்டபத்தில் புத்தகத்தை வெளியிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் தொந்தியும் வழுக்கையுமாக ஐம்பது வயசு ஆட்கள். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர் ஒருவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். சின்ன வயசில் இந்தக் கதையைப் படித்துவிட்டு ராத்திரி ஒன்றுக்கு இருக்க எழுந்து போகப் பயப்படுவாராம். மேடையில் இளமதி, 'பசங்களைத் தண்ணியில தள்றதுக்கு முன்னாடி தில்லைநாதன் என்ன சொல்லுவான்?' என்று கேட்டாள். மண்டபம் மொத்தமும் 'ஆவட்டும், பாக்கலாம்!' என்று கத்தியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் செத்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

உனக்கும் ஒரு பிரதி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பேத்தி கண்ணில் படும்படி வை.

பவானி


உ
சிவமயம்

சிதம்பரம்
20-11-2023

அன்பிற்கினிய தங்கை பவானிக்கு அண்ணன் எழுதிக்கொண்டது.

நலம். நீ எப்படி இருக்கிறாய்? மழை பலமா? இங்கே தெருவெல்லாம் தண்ணீர்.

உன்மேல் எனக்கு வருத்தம் இருந்தது வாஸ்தவம். புத்தகத்தை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கயல்விழி சாவியைத் தேடி எடுத்து ஒரே மூச்சில் படித்துவிட்டாள். வந்து என் முன்னால் நின்று காதையே பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. 'தாத்தா, இது நீதானா? ஐயோ, எவ்ளோ சூப்பரு!' என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அவள் வகுப்பே வீட்டுக்கு வந்துவிட்டது. 'தாத்தா, ஒரு தடவ சொல்லுங்க தாத்தா' என்று ஒரே கெஞ்சல். சொன்னேன். வீடே அதிர்கிறது! குழந்தைகள் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனது. பிச்சாவரத்தில் தோணிக்காரர் என்னை அடையாளம் கண்டு, 'ஐயா, இதுதானே உங்க வாய்க்காலு?' என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்.

எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது பவானி. கதையை இப்போதுதான் கடைசிவரை படித்தேன். கடைசி அத்தியாயத்தில் முழுகப்போகிற பிள்ளையைக் காப்பாற்றிவிட்டுத் தானாகவே போலீஸில் சரணடைகிறான், பார்த்தாயா? மாப்பிள்ளை பெரிய மனசுக்காரர். அவரை ஒரு நாளும் நான் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை.

ஆகவே பேரை எடுக்கவேண்டாம். இரண்டாம் பதிப்பு வந்தால் பின்னட்டையில் என் போட்டோவைப் போட முடியுமா என்று கேட்டுச் சொல். 'அசல் தில்லைநாதன்' என்று கீழே போட்டால் போதும்.

உன் அன்பு அண்ணன்
தில்லைநாதன்


கடலூர்
4-12-2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் சால்வை போட்டுக்கொண்டது கேட்டு ரொம்ப சந்தோஷம். உங்களுக்குக் கோபம் தீர்ந்ததில் எனக்கும் நிம்மதி.

இரண்டாம் பதிப்பு ஜனவரி கடைசியில் வருகிறது. போட்டோவை அனுப்புங்கள். இடது பக்கம் நன்றாகத் தெரியவேண்டும்.

அம்மா என்னைக் கேட்டாளா? கடைசித் தடவையாகக் கேட்கிறேன். உங்களுக்குத்தான் இப்போது எந்தக் குறையும் இல்லையே, சொல்லிவிடுங்களேன்.

தங்கை
பவானி


உ
சிவமயம்

சிதம்பரம்
26-12-2023

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். போட்டோ இத்துடன் இருக்கிறது. ஸ்டூடியோவில் மூன்று தடவை எடுத்தார்கள். விபூதி பளிச்சென்று தெரிகிறதா பார்.

பிப்ரவரி நாலாம் தேதி எங்கள் தெரு நற்பணி மன்றத்தில் எனக்குப் பாராட்டு விழா வைத்திருக்கிறார்கள். கயல்விழி பள்ளித் தலைமையாசிரியர்தான் தலைமை. புதுப் பதிப்பில் ஒரு பெட்டி நேராக மன்றத்துக்கே அனுப்பச் சொல். மேடையில் வைத்துப் பிரிப்பதாக ஏற்பாடு. கயல்விழி வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ராஜ்கமல் பிளெக்ஸ் அடித்துவிட்டான்.

நீ கேட்டதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். இந்தச் சமயத்தில் அது எதற்கு? பொங்கல் சீர் கொடுத்து அனுப்புகிறேன். கரும்பு நல்ல கரும்பாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்
தில்லைநாதன்


கடலூர்
5-2-2024

தில்லைநாதா,

இந்நேரம் பெட்டியைப் பிரித்திருப்பாய். விழா முடிந்த பிறகுதான் இது உனக்குக் கிடைக்கவேண்டும் என்று இன்றைக்குத் தபாலில் போடுகிறேன்.

உன் முதல் கடிதத்தில் என்ன கேட்டாய்? பேரையும் காதையும் எடுக்கச் சொன்னாய். எடுத்துவிட்டேன். வில்லன் பேர் இப்போது மரக்கால் மாயாண்டி. அவனுக்கு இரண்டு காதும் முழுசு. 'ஆவட்டும், பாக்கலாம்' போயிற்று. அட்டையில் இருக்கிற மூஞ்சியை உன் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. பின்னட்டையில் போட்டோ இல்லை. இளமதிக்கு இதில் இஷ்டமே இல்லை. 'ஏம்மா, எல்லாரும் அவருக்காகத்தானே வாங்குறாங்க' என்று மன்றாடினாள். நான் பிடிவாதமாக நின்றேன்.

நீ கேட்டபோது செய்திருந்தால் அது உதவி. நீ கெஞ்சியும் செய்யாமல் இருந்தேன், அது உனக்குப் பெருமையாகப் போய் முடிந்தது. என் புருஷன் எனக்காக அடித்த அடியை நீ மாலையாக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாய். அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? கரும்பு அனுப்பினாயே, பல்லில்லாதவளுக்குக் கரும்பு! எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டேன்.

முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். காரியங்கள் யாவும் குறைவின்றி நடந்தேறிய பிறகு சொல்வதுதானே நம் வீட்டு வழக்கம்.

பவானி


சிதம்பரம்
12-3-2024

பவானி,

நலம் விசாரிக்க ஒன்றுமில்லை.

மேடையில் பெட்டியைப் பிரித்தார்கள். தலைமையாசிரியர் மைக்கில் வில்லன் வருகிற இடத்தைப் படிக்க ஆரம்பித்தார். மரக்கால் மாயாண்டி என்று படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். என் தலைக்கு மேலே பிளெக்ஸில் 'அசல் தில்லைநாதன்' என்று எழுதியிருந்தது. கயல்விழி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, 'தாத்தா, உன் பேரு எங்க தாத்தா?' என்றாள். பழைய பதிப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். 'அதுல தப்பா அச்சடிச்சிட்டாங்க, அதான் மாத்திட்டாங்க' என்று சொல்லிவிட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் அவளைப் புளுகுணி என்கிறார்கள். பிள்ளை ஒரு வாரம் சோறு தின்னவில்லை.

நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, இப்போது வாங்கிக்கொள்.

அம்மா கேட்டாள். முதல் நாளிலிருந்து கேட்டாள். 'பவானிக்குச் சொல்லி அனுப்புனியாடா? பஸ்ஸு ஏறிட்டாளா?' என்று தெருப்பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தாள். சவத்துக்குப் பக்கத்தில் உன் புருஷன் வந்து நிற்பதைச் சாதிசனம் பார்க்கவேண்டுமா? நான், 'ஆள் போயி சொல்லியாச்சிம்மா. அந்தக் கெழவி மூஞ்சில முழிக்க மாட்டேன், வர மாட்டேன்னுட்டா' என்று சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா உன் பேரை எடுக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உன்மேல் அந்த மனக்குறையோடுதான் போனாள்.

இனி நீயும் அதை வைத்துக்கொண்டு கிட.

தில்லைநாதன்


கடலூர்
9-4-2024

தில்லைநாதனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நினைத்த இடத்தில் சரியாகப் பட்டது. அன்றைக்கும் மறுநாளும் நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. என் அம்மா, நான் அப்படிச் சொன்னதாக நம்பிக்கொண்டு செத்திருக்கிறாள். 'நான் சொல்லலம்மா, எனக்குத் தெரியவே தெரியாதும்மா' என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். எதிர்வீட்டு ரேகா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு நீ மூன்று வேளையும் சோறு தின்றிருக்கிறாய், பாவி.

அழுது முடித்துவிட்டு இளமதியைக் கூப்பிட்டேன். இரண்டாம் பதிப்பை வாங்கியவர்கள் எல்லாம் அவளைப் பிடித்து உலுக்குகிறார்களாம், 'எங்க தில்லைநாதன் எங்க?' என்று. மூன்றாம் பதிப்பில் உன்னைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பேர், காது, 'ஆவட்டும், பாக்கலாம்' எல்லாம். பின்னட்டையில் விபூதியோடு நீ அனுப்பிய போட்டோ. கீழே நீ ஆசைப்பட்டபடி 'அசல் தில்லைநாதன்'.

முன்னுரையாக உன் மார்ச் மாசத்துக் கடிதம். உன் கையெழுத்திலேயே, படமாக எடுத்துப் போடுகிறார்கள். உன் கையெழுத்து இன்னமும் அழகாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் 1986-ல் நீ போட்ட கார்டும் இருக்கும்.

இளமதி ரொம்பத் தயங்கினாள். 'சின்னப் பசங்க படிக்கிற புக்கும்மா இது' என்றாள். 'அதுங்கதான்டி படிக்கணும். வில்லன்னா மீசை வச்சுக்கினு தோணியில வருவான்னு நெனச்சுக்கினு இருக்குதுங்க. பாசமா வெந்தயம் குடின்னு எழுதுவான்னு தெரிய வேணாமா?' என்றேன். அப்புறம் சரி என்றாள்.

கடைசி அத்தியாயத்தில் அவர் உன்னைத் திருத்தி நல்லவனாக்கியிருக்கிறார். அதில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதை நம்பினால் நம்பட்டும்.

கயல்விழி படிப்பாள். தெரியும். அதை நினைத்து இரண்டு நாள் யோசித்தேன். படிக்கட்டும். அவள் பொய் சொல்லவில்லை என்று அவள் பள்ளிக்கூடத்துக்கு நான் காட்டவேண்டும். நீ யார் என்று அவளுக்குத் தெரியவும் வேண்டும். முதல் பிரதி அவள் பேருக்குத்தான் வரும்.

இந்தத் தடவை எல்லாம் முடிந்த பிறகு சொல்லவில்லை, பார். அச்சுக்குப் போவதற்கு முன்னாலேயே சொல்கிறேன். ஆனி மாசம் வருகிறது. அதுவரை தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு இரு.

பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள். உப்பைக் குறை. வெயிலில் அலையாதே. புத்தகம் கைக்கு வருகிறவரைக்கும் நீ நன்றாக இருக்கவேண்டும்.

பவானி